கடலடிச் சேற்றைப் படித்த ஜான் மர்ரே

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையை அடைகின்றது. அவ்வாண்டு மழை மிகுமா, குறையுமா என்று உழவர் முதல் அரசு வரை அனைவரும் வானை நோக்கி நிற்கின்றனர். மழையை அளந்து எழுதிவைக்கும் வழக்கமோ மிக அண்மைக் காலத்தது. இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875ஆம் ஆண்டில்தான் தோன்றிற்று. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் எவ்வளவு மழை பெய்தது, காற்று எவ்வளவு விரைவாக வீசியது என்பனவற்றை எந்த ஏடும் கூறாது. ஆனால், கடலின் அடியில் படிந்துகிடக்கும் சேறு அவற்றைக் கூறுகின்றது. அச்சேற்றை அள்ளி எடுத்து, அது எங்கிருந்து வந்தது, எவ்வாறு படிந்தது என முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் ஜான் மர்ரே.

பட்டம் பெறாத மாணவர்

மர்ரே 1841ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் கனடா நாட்டில் கோபோர்க் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து அங்குக் குடியேறியவர்கள். பதினேழாம் வயதில் அவர் தம் தாய்வழிப் பாட்டனாரிடம் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சென்றவர் படிப்பை முடிக்கவில்லை. அறிவு குறைவு என்பதனால் அன்று. தேர்வு எழுதுவதில் அவருக்கு நாட்டமில்லை. தமக்கு விருப்பமான பாடம் எந்த வகுப்பில் நடந்தாலும் அங்குச் சென்று அமர்ந்துகொள்வார். தேர்வு நாளில் அவரைக் காண முடியாது.

1868ஆம் ஆண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் மருத்துவராகப் பணியேற்று வடதுருவப் பகுதிக்குச் சென்றார். பட்டம் பெறாத மருத்துவரை நம்பிக் கப்பலில் சென்றவர்கள் அனைவரும் நலமாகத் திரும்பினார்களா என்பதைவிட, மர்ரே திரும்பும்போது என்ன கொண்டுவந்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. கடல்வாழ் உயிர்கள் பலவற்றையும், கடலோட்டம், வெப்பநிலை, பனிக்கட்டி ஆகியன பற்றிய குறிப்புகளையும் அவர் கொண்டுவந்தார். மீண்டும் எடின்பரோவில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றத் தொடங்கினார்.

அந்நாளில் பிரித்தானிய அரசு உலகக் கடல்களை ஆராய்வதற்காகச் ‘சேலஞ்சர்’ என்னும் போர்க்கப்பலை ஆயத்தம் செய்துகொண்டிருந்தது. அதன் பீரங்கிகளுள் பெரும்பாலானவற்றை அகற்றிவிட்டு ஆய்வுக்கூடங்களை அமைத்தனர். எடின்பரோப் பேராசிரியர் வைவில் தாம்சன் அறிவியலார் குழுவுக்குத் தலைவர். குழுவில் ஓரிடம் இறுதி நேரத்தில் வெறுமையாயிற்று. அவ்விடம் மர்ரேக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. கையில் பட்டம் ஒன்றுமில்லை.

எவரும் விரும்பாத சேறு

சேலஞ்சர் 1872ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. 1876ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் தாயகம் திரும்பியது. இடையில் அது கடந்த தொலைவு 68,890 கடல் மைல். வழியில் 362 இடங்களில் நின்று ஆழம் அளந்தனர், நீரின் வெப்பநிலையைக் கண்டனர், வலை இழுத்தனர்.

ஆழம் அளத்தல் எளிய செயல் அன்று. கனத்த இரும்புக் குண்டுகள் கோத்த குழாய் ஒன்றைச் சணல் கயிற்றில் கட்டி இறக்குவர். குழாய் தரையில் மோதியதும் குண்டுகள் கழன்று அங்கேயே தங்கிவிடும். குழாயில் அடைபட்ட சேற்றோடு கயிற்றை நீராவிப் பொறியால் மேலே இழுப்பர். ஆழமான இடங்களில் இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். மீனவர் கைவிரித்து அளக்கும் ‘பாகம்’ என்ற அளவை ஏறத்தாழ ஆறு அடி. 1875ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மேற்குப் பசிபிக் கடலில் மரியானா தீவுகளை அடுத்து இறக்கிய கயிறு 4,475 பாகம் சென்ற பின்னரே தரையைத் தொட்டது. அஃதாவது 8 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். அத்துணைப் பாடுபட்டு இழுத்தபின் மேலே வருவது பெரும்பாலும் ஒரு கைப்பிடிச் சேறுதான். மாலுமிகளுக்கு இவ்வேலை சலித்துப்போனதில் வியப்பில்லை. துறைமுகங்களில் இறங்கித் திரும்பாமல் போனவர்கள் பலர்.

அழகிய மீன்களையும் விந்தையான உயிர்களையும் ஆராயப் பிற அறிவியலார் ஆர்வம் காட்டினர். எவரும் விரும்பாத சேறு மர்ரேயின் பங்காயிற்று. அவர் அதனைக் கழுவினார், சல்லடையில் சலித்தார், அமிலத்தில் இட்டுக் கரைத்தார், காந்தத்தால் துழாவினார், நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஆழ்கடல் தரை எங்கும் ஒரே வகைச் சேறு இல்லை என்பது சில மாதங்களிலேயே அவருக்குப் புலனாயிற்று. ஓரிடத்தில் வெள்ளை நிறச் சேறு. தொட்டால் மாவு போல் இருக்கும். அது குளோபிஜெரினா என்னும் மிகச் சிறிய உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளால் ஆயது. மற்றோரிடத்தில் சுண்ணாம்பே இல்லாத செங்களிமண். தென்துருவத்தை அணுகுகையில் டையாட்டம் என்னும் நுண்பாசிகளின் கண்ணாடி போன்ற ஓடுகள் மிகுந்திருந்தன.

தலைவரோடு மாறுபாடு

குளோபிஜெரினா எங்கு வாழ்கின்றது என்ற வினா அக்காலத்தில் பெரிதாக இருந்தது. அது கடலடிச் சேற்றிலேயே பிறந்து அங்கேயே வாழ்ந்து மடிகின்றது என்று தாம்சன் கருதினார். அவர் குழுவின் தலைவர், புகழ்பெற்ற பேராசிரியர். மர்ரேயோ கடைசியாகச் சேர்ந்த உதவியாளர். எனினும் மர்ரே நுண்ணிய துணியால் செய்த வலைகளைக் கடல் மேற்பரப்பிலும் அதனைச் சற்று அடுத்த ஆழங்களிலும் நாள்தோறும் இழுத்துப் பார்த்தார். உயிருள்ள குளோபிஜெரினாக்கள் வலையில் கூட்டங்கூட்டமாகச் சிக்கின. வெதுவெதுப்பான கடலில் எவ்வகை மேலே மிதந்ததோ அவ்வகையின் ஓடுகளே கீழே சேற்றிலும் கிடைத்தன. குளிர்ந்த கடலுக்குக் கப்பல் சென்றபோது மேலுள்ள வகை மாறிற்று. சேற்றிலுள்ள வகையும் உடன் மாறிற்று.

முடிவு தெளிவாயிற்று. அவ்வுயிர்கள் ஒளி படும் மேற்பரப்பில் வாழ்கின்றன. இறந்தபின் அவற்றின் ஓடுகள் மழை போல் ஓயாது கீழே விழுகின்றன. ஒரு சதுர மைல் பரப்பில் 100 பாகம் ஆழம் வரையுள்ள கடல்நீரில் இத்தகைய ஓடுகளின் சுண்ணாம்பு மட்டும் 16 டன்னுக்கு மேல் இருக்கும் என மர்ரே கணக்கிட்டார். பயணம் முடியுமுன்னரே தாம்சன் தம் கருத்தைக் கைவிட்டு மர்ரேயின் முடிவை ஏற்றுக்கொண்டார். இளையவர் ஒருவர் தம்மைத் திருத்துவதை ஏற்கும் பெருந்தன்மை எல்லாத் தலைவர்க்கும் வாய்ப்பதில்லை.

கடல் தரையில் கிடக்கும் சேறு மேற்பரப்பில் நிலவும் நிலைமையின் பதிவு என்பது இதனால் உறுதியாயிற்று. மேலே வெப்பம் மாறினால் கீழே ஓடுகளின் வகை மாறும். அப்படியானால், பழைய சேற்றைத் தோண்டி எடுத்தால் பழைய காலத்துக் கடலின் நிலையை அறியலாம் அன்றோ? பிற்காலத்தார் செய்தது இதுவே.

அரைமில்லிமீட்டருக்குக் குறைந்த ஓடுகளோடு வேறு சிலவும் மர்ரேயின் கண்ணில் பட்டன. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் எடுத்த சேற்றில் செந்நிறப் பூச்சுடைய உருண்டை மணல் துகள்கள் இருந்தன. ஆறுகள் அவ்வளவு தொலைவுக்கு மணலைக் கொண்டுசெல்ல இயலாது. சகாரா பாலைவனத்திலிருந்து காற்று தூக்கிவந்து கடலில் போட்ட துகள்கள் அவை. அப்பகுதியில் செல்லும் கப்பல்களின் தளத்தில் செந்தூசி படிவதை மாலுமிகள் நெடுங்காலமாக அறிவர். டார்வினும் 1832இல் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது அத்தூசியைச் சேர்த்துவைத்தார். அத்தூசி கடல் தரை வரை சென்று படிகின்றது என்பதைக் கண்டவர் மர்ரே. காற்று வீசிய தடம் கடலுக்கடியில் எழுதப்பட்டிருந்தது.

மிக ஆழமான இடங்களில் சுண்ணாம்பு ஓடுகள் நீரில் கரைந்துவிடுகின்றன. அங்கு எஞ்சுவது செங்களிமண். எரிமலைக் கற்கள் சிதைந்து உண்டான களிமண் அது என்றார் மர்ரே. அதனுள் சுறாவின் பற்களும் திமிங்கிலத்தின் செவியெலும்புகளும் கிடைத்தன. காந்தத்தில் ஒட்டிக்கொண்ட சிறிய இரும்பு மணிகளும் இருந்தன. அவை விண்ணிலிருந்து விழுந்தவை என்று அவர் கண்டறிந்தார். செங்களிமண் மிக மெதுவாகப் படிவதனால்தான் இத்தகைய அரிய பொருள்கள் அதில் புதைந்து மறையாமல் அகப்பட்டன.

ஐம்பது தொகுதிகள்

கப்பல் திரும்பியதும் வேலை முடிந்துவிடவில்லை. எடின்பரோவில் அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. சேகரித்த பொருள்கள் பல நாட்டு அறிஞர்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. ஆண்டுகள் கடந்தன, செலவு ஏறியது, அரசுக் கருவூலம் முணுமுணுத்தது. தாம்சன் உடல் நலிந்து 1882இல் காலமானார். அறிக்கைகள் பாதியில் நின்றுவிடும் நிலை தோன்றியது. பொறுப்பை மர்ரே ஏற்றார். அரசின் பணம் போதாதபோது தம் பணத்தையும் இட்டார். 1895ஆம் ஆண்டில் ஐம்பது பெருந்தொகுதிகளாக அவ்வறிக்கைகள் நிறைவுற்றன. அவற்றுள் கடலடிப் படிவுகளைப் பற்றியது மர்ரேயும் பெல்ஜிய நாட்டு அறிஞர் ரெனார்டும் சேர்ந்து எழுதி 1891இல் வெளியிட்ட தொகுதி. சேறுகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களுள் பல இன்றும் வழங்குகின்றன.

இவ்வளவு வேலைகளுக்கிடையே அவர் மழையையும் விட்டுவைக்கவில்லை. உலக நிலப்பரப்பு முழுவதிலும் ஓராண்டில் பெய்யும் மழை எவ்வளவு, அதில் ஆறுகள் வழியே கடலுக்குத் திரும்புவது எவ்வளவு என்பதை 1887இல் கணக்கிட்டு வெளியிட்டார். ஆறு கடலில் கலக்கும்போது நீரை மட்டுமன்றி வண்டலையும் கொண்டுவருகின்றது. கடலடிச் சேற்றைப் படிப்பவர்க்கு மழைக்கணக்கு வேண்டும்.

ஸ்காட்லாந்து ஏரிகளில் அவர் செய்த ஆய்வு இன்னும் குறிப்பிடத்தக்கது. வெப்பமானியை வெவ்வேறு ஆழங்களில் இறக்கி நீரை அளந்தபோது ஒன்றைக் கண்டார். ஏரியின் மீது ஒரே திசையில் சில நாள் பெருங்காற்று வீசினால், மேலேயுள்ள வெதுவெதுப்பான நீர் எதிர்க்கரையில் போய்க் குவிகின்றது. காற்று புறப்படும் கரையில் அடியிலுள்ள குளிர்நீர் மேலெழுகின்றது. பெருங்கடலின் கரைகளிலும் காற்றால் இதுவே நிகழ்கின்றது என்று அவர் விளக்கினார். ஒரு சிற்றேரியில் கண்ட இவ்வுண்மை பின்னர் அரபிக்கடலுக்குப் பொருந்தியதைக் கீழே காணலாம்.

ஏரிகளின் ஆழத்தை அளக்கும் பணியில் அவருக்குத் துணைநின்றவர் பிரெடரிக் புல்லர் என்னும் இளைஞர். 1901ஆம் ஆண்டில் உறைந்த ஏரி ஒன்றில் பனி உடைந்து பலர் மூழ்கினர். அவர்களைக் காப்பாற்றக் குதித்த புல்லர் உயிரிழந்தார். மகனின் நினைவாக அவர் தந்தை பொருளுதவி செய்ய, மர்ரே 562 ஏரிகளையும் அளந்து முடித்தார்.

தவறிய முடிவும் சேர்ந்த செல்வமும்

மர்ரே கூறியன எல்லாம் சரியாகவில்லை. பவளத்தீவுகள் உண்டாகும் முறை பற்றி அவர் டார்வினோடு மாறுபட்டார். கடலடி மலைகளின் மேல் ஓடுகள் படிந்து உயர்ந்து, அவ்வுயரத்தின் மீது பவளம் வளர்கின்றது என்பது மர்ரேயின் கொள்கை. தீவு மெல்லத் தாழ்வதற்கேற்பப் பவளம் மேல்நோக்கி வளர்கின்றது என்பது டார்வின் கொள்கை. 1952இல் பசிபிக் கடலின் எனிவெடாக் தீவில் ஆழமாகத் துளையிட்டபோது டார்வினே வென்றார். ஓயாது விழும் ஓடுகளைக் கண்டு வியந்தவர், அவற்றின் ஆற்றலை அளவுக்கு மேல் மதித்துவிட்டார் போலும்.

ஜாவாவுக்குத் தெற்கே உள்ள கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த கல் ஒன்றை ஆராய்ந்தபோது அதில் உரத்துக்குப் பயன்படும் பாஸ்பேட் மிகுந்திருப்பதை மர்ரே கண்டார். அத்தீவை 1888இல் பிரித்தானியா தன் உடைமையாக்கிக்கொண்டது. மர்ரே அங்குச் சுரங்க நிறுவனம் அமைத்துப் பெருஞ்செல்வர் ஆனார். சேலஞ்சர் பயணத்துக்கு ஆன செலவைவிட மிகுதியான பணம் அத்தீவிலிருந்து அரசுக்கு வந்துசேர்ந்தது. தோண்டிய சீனத் தொழிலாளர் பலர் நோயுற்று அங்கேயே மடிந்தனர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பக்கம். தமக்கு வந்த செல்வத்தில் ஒரு பகுதியை மர்ரே கடலாய்வுக்கே திருப்பினார். 1910இல் அறுபத்தொன்பது வயதில் நார்வே நாட்டு ஆய்வுக்கப்பலைத் தம் செலவில் வட அட்லாண்டிக் கடலுக்கு அனுப்பி, தாமும் அதில் சென்றார். 1898இல் அவருக்குச் ‘சர்’ பட்டம் அளிக்கப்பட்டிருந்தது.

1914ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் எடின்பரோவை அடுத்த கிர்க்லிஸ்டன் அருகே அவர் சென்ற மோட்டார் வண்டி கவிழ்ந்தது. உலகின் பெருங்கடல்களிலெல்லாம் புயலுக்குத் தப்பியவர் சாலையில் உயிர்நீத்தார்.

அரபிக்கடலின் ஏடு

மர்ரே விட்டுச்சென்ற நிதியைக் கொண்டு 1933ஆம் ஆண்டில் ‘மபாஹிஸ்’ என்னும் எகிப்து நாட்டுக் கப்பல் அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்டது. பிரித்தானிய, எகிப்திய அறிவியலார் அதில் இருந்தனர். இந்திய விலங்கியல் அளவைத்துறையின் இயக்குநராக இருந்த சீமோர் சூவல் தலைமை ஏற்றார். கப்பல் அரபிக்கடலிலும் இந்தியப் பெருங்கடலின் மேற்பகுதியிலும் ஆழம் அளந்து, நீரையும் சேற்றையும் சேகரித்து, 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் திரும்பியது. மர்ரே பயணம் என்றே அது பெயர்பெற்றது.

மர்ரேயின் காலத்துக் குழாய் சேற்றில் ஓரிரு அடி ஆழத்துக்கு மேல் இறங்காது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தது போன்றது அது. 1940களில் சுவீடன் நாட்டார் உருவாக்கிய உந்துதண்டுக் குழாய் பல மீட்டர் நீளத்துக்குச் சேற்றைக் குலையாமல் எடுத்தது. பின்னர்த் துளையிடும் கப்பல்கள் வந்தன. ஆழ்கடலில் வெண்சேறு ஆயிரம் ஆண்டுகளில் சில சென்டிமீட்டரே படியும். ஆகவே சில மீட்டர் நீளமுள்ள ஓர் உருளைச் சேறு பல பல்லாயிரம் ஆண்டுகளின் பதிவாகும்.

அரபிக்கடலில் அப்பதிவைப் படித்த முறை மர்ரேயின் ஏரியை நினைவூட்டும். தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசும்போது சோமாலியா, ஓமன் நாடுகளின் கரையோரத்தில் மேற்பரப்பு நீர் விலகிச் செல்கின்றது; அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுகின்றது. குளிர்க்கடல்களில் பெருகும் குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்னும் உயிர் வெப்பமண்டலத்து அரபிக்கடலில் அப்போது திரளாக வளர்கின்றது. காற்று வலுத்த காலத்துச் சேற்றில் அதன் ஓடுகள் மிகுதி. காற்று தளர்ந்த காலத்துச் சேற்றில் குறைவு. இவ்வாறு எண்ணிப் பார்த்தே, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் பனியில் உறைந்திருந்தபோது கோடைப் பருவக்காற்று மெலிந்திருந்தது என்றும், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைக்கினும் வலுத்து வீசியது என்றும் அறிந்தனர்.

வங்காள விரிகுடாவில் வேறு வழி. மழை மிகும் ஆண்டுகளில் கங்கை, பிரம்மபுத்திரை போன்ற ஆறுகள் கொணரும் நன்னீரால் கடலின் உப்பு குறைகின்றது. மழைநீரில் கனமான ஆக்சிஜன் அணுக்கள் கடல்நீரில் உள்ளதைவிடக் குறைவு. அந்நீரில் வளரும் ஓடுகளிலும் அவ்வணுக்கள் குறைந்துவிடுகின்றன. வெப்பத்தால் வரும் மாற்றத்தைத் தனியே பிரித்துவிட்டால், எஞ்சுவது மழையின் அளவைக் காட்டும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் பன்னாட்டுத் துளைக்கப்பல் ஒன்று இவ்விரிகுடாவில் நீண்ட சேற்று உருளைகளை எடுத்தபோது இந்திய அறிவியலாரும் அதில் பங்கேற்றனர்.

மர்ரே செந்துகள்களைக் கண்ட ஆப்பிரிக்கக் கரையோரத்திலும் துளையிட்டுப் பார்த்தனர். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை படிந்த சேற்றில் பாலைத்தூசி மிகக் குறைந்திருந்தது. அக்காலத்தில் சகாராவில் மழை பெய்தது. புல்வெளிகளும் ஏரிகளும் இருந்தன.

மர்ரேயும் அவர்தம் தோழர்களும் சேலஞ்சர் தளத்தில் கழுவி உலர்த்திய சேறு, சிறு புட்டிகளில் அடைக்கப்பட்டு, இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. புட்டிகளின் மேல் ஆழமும் இடமும் நாளும் எழுதிய சீட்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. ஆய்வாளர் அவற்றைத் திறந்து, சிறிதளவு எடுத்துக்கொண்டு, மீண்டும் மூடிவைக்கின்றனர்.